குயவன் வீட்டுக்கு இறங்கிப் போதல்: தாழ்மைப் பிரசங்கம் பற்றிய ஒரு விமர்சனம்

தாழ்மையைக் குறித்து நம் பிரசங்க பீடங்களில் மிகுதியாக எடுத்தாளப்படும் உவமை, குயவனும் களிமண்ணும் என்பதாகும். லெந்து நாட்களின் தியானங்களிலும், வாலிபர் கூடுகைகளிலும், துக்க வீட்டு ஜெபங்களிலும் அதைக் கேட்கிறோம். அது பெரும்பாலும் மூன்று படிகளில் சொல்லப்படுகிறது. மண்ணுக்குச் சொந்த விருப்பம் இல்லை. குயவன் இட்டதே வடிவம். ஆகையால் முறுமுறுக்காமல் அடங்கியிரு. இம்மூன்றும் திருமறையில் உள்ளனவா, அல்லது நாம் ஏற்றி உரைப்பனவா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிறரைக் குற்றஞ்சாட்டும் எண்ணம் இதில் இல்லை. இவ்விதமாகவே நானும் பல்லாண்டுகள் பிரசங்கித்திருக்கிறேன்.

என்னை நிறுத்திச் சிந்திக்கச் செய்தது விருத்தாசலம். மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இவ்வூர் பழமலைநாதர் கோயிலுக்குப் பெயர்பெற்றது போலவே பீங்கான் தொழிலுக்கும் பெயர்பெற்றது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெண்களிமண் அண்மையில் கிடைப்பது இத்தொழில் இங்கே வேரூன்றியதற்கு ஒரு காரணம். பொம்மைகளும் அகல் விளக்குகளும் மின்சார ஃபியூஸ் கட்டைகளும் இங்கே சிறு பட்டறைகளில் உருவாகின்றன. இவ்வூர் ஆராதனை ஒன்றில் எரேமியா 18ஆம் அதிகாரத்தை வைத்து வழக்கமான என் பிரசங்கத்தைச் செய்தேன். முடிந்ததும், பட்டறையில் வேலை செய்யும் தாயார் ஒருவர் வாசலில் நின்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “ஐயா, நாங்க நாள் பூரா மண்ணோடதான் கெடக்குறோம். மண்ணு சும்மா சொன்னபடி கேக்காதுங்க. அது காயுறதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு, சுருங்குறதுக்குன்னு ஒரு அளவு இருக்கு. நாமதான் அதுக்குத் தக்கன போவணும்.”

மறுநாள் அவருடைய பட்டறைக்குச் சென்றேன். களிமண்ணோடு வேறு தாதுப் பொடிகளும் நீரும் சேர்த்துக் குழம்பாக்கி, அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, குழம்பு அச்சின் சுவரையொட்டித் தோலாகப் படிகிறது. அவசரப்பட்டு எடுத்தால் உருவம் சரியும், தாமதித்தால் வெடிக்கும். பின்பு பிசிறு நீக்கி, காயவைத்து, மெருகுப் பூச்சிட்டு, ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுடுகிறார்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு கை. “இதை நான் செய்தேன்” என்று தனியே உரிமை பாராட்டுவார் அங்கே எவருமில்லை. சூளைக்குப் போகுமுன் உடைந்ததைத் திரும்பக் குழம்புத் தொட்டியில் இடுகிறார்கள். சூளையிலிருந்து வந்தபின் உடைந்ததை ஒதுக்கிக் குவிக்கிறார்கள். வெந்த மண் மறுபடி களிமண் ஆவதில்லை.

இவ்வறிவோடு எரேமியாவை மீண்டும் வாசித்தேன். அங்கே மூன்று காரியங்கள் நோக்கத்தக்கவை.

முதலாவது, தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்கு இறங்கிப் போகும்படி கட்டளை பெறுகிறார். கற்பிக்கப் போகவில்லை, உழைப்பவன் ஒருவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறார். அந்த அதிகாரத்தில் தாழ்மையின் முதற்பாடம் பிரசங்கிக்கே உரியது. நானோ பீடத்தை விட்டு இறங்காமலே அதைப் பிரசங்கித்திருந்தேன்.

இரண்டாவது, கெட்டுப்போன பாண்டத்தைக் குயவன் எறிந்துவிடவில்லை, வேறொன்றாக வனைகிறான். இவ்வுவமை இஸ்ரவேல் என்னும் சமுதாயத்தை நோக்கியது. ஒரு ஜாதி தன் தீமையை விட்டுத் திரும்பினால் தேவனும் தாம் கூறிய தண்டனையை விட்டுத் திரும்புவதாக அடுத்து வரும் வசனங்கள் உரைக்கின்றன. மண்ணின் பதிலுக்குக் குயவன் செவிகொடுக்கிறார் என்பதே அதன் கருத்து. மாற முடியாத விதியை இது போதிக்கவில்லை. “இனி நம்பிக்கையில்லை” என்ற பொருள்படப் பேசுவோர் அந்த அதிகாரத்தில் உண்டு, அவர்களே கீழ்ப்படியாதவர்கள்.

மூன்றாவது, 18ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளும் நாம் 19ஐ வாசிப்பதில்லை. அங்கே எரேமியா சுட்ட கலயம் ஒன்றை விலைக்கு வாங்கி, இனிச் செப்பனிட இயலாதபடி உடைக்கிறார். யார் கண்முன்? ஜனத்தின் மூப்பரும் ஆசாரியரில் மூப்பரும் பார்த்திருக்க உடைக்கிறார். ஈரமண்ணின் உவமை எல்லார்க்கும் வழங்கப்பட, வெந்து இறுகிய கலயத்தின் உவமை தலைவர்களுக்கென்று காட்டப்படுகிறது. நாமோ ஈரமண்ணை ஏழைகளுக்குப் பிரசங்கித்து, இறுகிய கலயத்தை மறைத்துவிடுகிறோம்.

மற்றப் பகுதிகளும் இவ்வாறே. ஏசாயா 29இல் கண்டிக்கப்படுவோர், தங்கள் ஆலோசனைகளைக் கர்த்தருக்கு மறைக்கும் சூழ்ச்சிக்காரர். 64இல் களிமண் என்று சொல்லிக்கொள்வது ஜெபிக்கும் சமுதாயம் முழுவதும். அங்கே தேவன் குயவனாகும் முன்னே பிதாவாக அழைக்கப்படுகிறார். ரோமர் 9இல் பவுல், புறஜாதியாரைத் தேவன் அழைத்ததை எதிர்ப்போருக்கு விடையளிக்கிறார். அவ்வாதம் 11ஆம் அதிகாரத்தில் எல்லார்மேலும் இரக்கம் என்ற முடிவை எட்டுகிறது. 2 கொரிந்தியர் 4இல் மண்பாண்டம் என்பது அப்போஸ்தலன் தன்னைக் குறித்தும் தன் உடன் ஊழியரைக் குறித்தும் சொல்லும் சொல். இவற்றுள் எந்த இடத்திலும் ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குக் குயவன் ஆகவில்லை. குயவனின் ஆசனம் தேவனுக்கு மட்டும் உரியது. பிரசங்கி தன்னை அறியாமலே அதில் அமர்ந்துகொள்வதுதான் இவ்வுவமையை நாம் கையாளும் விதத்திலுள்ள பெருங்குறை.

இப்பிழைக்கு நம் பாடல் மரபும் ஓரளவு துணைபோயிருக்கிறது. 1907இல் வெளியான அடலெய்ட் பொல்லார்டின் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடல், எரேமியாவின் சமுதாய உவமையைத் தனி ஆத்துமாவின் அர்ப்பணமாக மாற்றியது. அதில் குறையில்லை, அப்பாடலைப் பாடுபவர் தம்மைத் தாமே ஒப்புக்கொடுக்கிறார். ஆனால் தன்னிலையில் பாடவேண்டியதை முன்னிலையில் கட்டளையாக்கும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது. “என்னை வனையும்” என்பது ஜெபம். “நீ வனையப்படு” என்பது அதிகாரம்.

நம் நாட்டில் இது வெறும் இலக்கணச் சிக்கலன்று. ரோமர் 9இல் வரும் கனமுள்ள பாண்டம், கனவீனமான பாண்டம் என்ற சொற்கள் நம் மண்ணில் எவ்விதம் ஒலிக்கின்றன? தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் தலித் மக்களுக்கென்று தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை நிலவியதை யாவரும் அறிவோம். அங்கே பாண்டமே மனிதரைப் பிரித்தது. திருச்சபையும் இதற்கு விலக்கன்று. தஞ்சை, வேப்பேரி போன்ற பழைய சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்வதும், நற்கருணைப் பாத்திரத்தில் முன்பின் பார்ப்பதும் இருந்தன. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையினின்று அகற்றும்படி சுற்றறிக்கை விடுத்தபோது பலர் சபையை விட்டு விலகவும் துணிந்தனர். தேவனுக்கு முன் தாங்கள் மண் என்று பாடியவர்கள், பிறர் வாய்வைத்த பாத்திரத்தில் வாய்வைக்க இயலாதிருந்தார்கள். தனிக் குவளையில் குடித்து வளர்ந்த ஒருவருக்கு “உன் வடிவத்தை ஏற்றுக்கொள்” என்று போதிப்பது தாழ்மையைக் கற்பிப்பதாகாது, தாழ்த்தப்பட்டதை உறுதிசெய்வதாகும்.

இதற்கு எதிரான பாண்டம் ஒன்றையும் நம் இறையியல் மரபு தந்திருக்கிறது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940-2005) ‘ஒரு உலை’ என்னும் கருத்தை வழிபாட்டின் மையத்தில் வைத்தார். ஒரே பானையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து உண்பதே குடும்பம். தேவன் ஏற்படுத்தும் குடும்பத்துக்கும் அதுவே அடையாளம். அப்பானையில் கனமுள்ளது, கனவீனமானது என்ற பிரிவு இல்லை.

ஆகவே தாழ்மையைக் கைவிடலாமா? கூடாது. தாழ்மை அடிமைத்தனத்தின் மறுபெயர் என்று ஒதுக்கும் வாதமும் முழுமையானதன்று. கிரேக்க உலகம் இகழ்ச்சியாக வழங்கிய ஒரு சொல்லையே பிலிப்பியர் 2 நற்குணமாக உயர்த்தியது. அங்கே இறங்கியவர் உயர்ந்தவர்; தம் விருப்பத்தால் இறங்கினார். கால்களைக் கழுவியவர் போதகரும் ஆண்டவருமானவர். இறங்குவதற்கு முதலில் ஒருவர்க்கு நிற்க இடம் வேண்டும். அந்த இடம் மறுக்கப்பட்டவருக்குச் சுவிசேஷம் முதலில் தருவது நிமிர்ந்து நிற்கும் மதிப்பு; தாழ்மை அதன் பின்னர் அவர் மனமுவந்து தரும் காணிக்கை.

அன்றாட வாழ்வில் இதன் பொருள் எளியது. நாற்காலி போடப்படுமுன் அதைத் தேடாத ஆயர், சபைக் கணக்கைக் கேட்பவரைக் கலகக்காரர் என்னாத மூப்பர், தன் மொழிபெயர்ப்புப் பிழையை மாணவர் திருத்தும்போது நன்றி சொல்லும் ஆசிரியர், வேலைக்காரப் பெண்ணுக்கும் அதே குவளையில் காப்பி தரும் ஆயரம்மா: இவர்களே இவ்வுவமையின் நல்ல வியாக்கியானிகள். இறையியல் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். குயவன் உவமையைப் பிரசங்கிக்குமுன், “இதில் மண் யார்?” என்று கேளுங்கள். விடையில் உங்கள் பெயர் முதலில் வராவிட்டால் அப்பிரசங்கத்தை ஒத்திவையுங்கள்.

விருத்தாசலத்துத் தாயார் எனக்கு உணர்த்தியது இதுவே. மண்ணுக்குத் தக்கபடி நடக்கக் கற்றவரே நல்ல தொழிலாளி. ஜனத்துக்குச் செவிகொடுக்கும் தேவனைப் பிரசங்கிப்பவன், தானும் செவிகொடுக்கக் கடமைப்பட்டவன். அன்று ஆலய வாசலில் அவர் என்னைத் திருத்தினார். எனக்குக் குயவன் வீடு அதுவே.