ஈரத்துணி வைத்தியம்

சித்திரை வெயிலில், மணிமங்கலம் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துவரும் பழைய அம்பாசடர் இருமி நின்றுவிட்டால், பழகிய ஓட்டுநர் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். சற்று நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். இந்த வைத்தியத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது, தீர்வு என்று கொண்டாடவும் முடியாது.

மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்று சொல்லும் இந்தக் கோளாறில் பாதையை அடைப்பது பெட்ரோலின் ஆவி. அம்பாசடர், பத்மினி, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றில் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது. பின்னாலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும்போது அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். போதாததற்கு எஞ்சினின் சூடு. உள்ளே குமிழி சேர்ந்தால், டயாபிரம் திரவத்தைத் தள்ளாமல் ஆவியையே அமுக்கிக்கொண்டிருக்கும்.

துணியின் பலம் இங்கேதான். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சூடேறிய பம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காசு செலவில்லை. நோயறியவும் உதவும்: துணி போட்டதும் கிளம்பினால் சந்தேகம் பம்பின் பக்கம் சாய்கிறது.

ஆனால் அது உறுதியான சான்றாகாது. சூட்டில் மக்கர் செய்யும் இக்னிஷன் காயிலும் அதே இடைவேளையில் ஆறி உயிர்பெறும். அதனால் தீப்பொறி வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். துணி சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரம் டிஸ்ட்ரிபியூட்டரில் பட்டால் புதுத் தொல்லை. பெரிய குறை வேறு: வண்டி கிளம்பிவிடுவதால், தளர்ந்த டயாபிரத்தையும், அடைத்த ரேடியேட்டரையும், பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே காணாமல்போன பேக்கிங்கையும் யாரும் கவனிப்பதில்லை. 2023 முதல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் 70 டிகிரிக்குள் ஆவியாகும் பங்கு கூடுதல். பழைய ரப்பரையும் அது அரிக்கும். இந்த அலட்சியம் இனி செல்லாது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் வெளிவந்த சான்ட்ரோ முதல் இப்பகுதிப் பெட்ரோல் கார்களில் பம்பு டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுகிறது. குமிழிக்கு இடம் குறைவு. அதைப் பார்த்துப் பழைய வண்டியிலும் எலக்ட்ரிக் பம்பு மாட்டுகிறார்கள். கார்பரேட்டர் தாங்குவது சில பி.எஸ்.ஐ. மட்டுமே, மிஞ்சினால் பெட்ரோல் வழியும். விபத்தில் தானே நிற்கும் சுவிட்ச் இல்லாவிட்டால் தீ அபாயமும் உண்டு.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பேக்கிங், எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாபிரமும், சைலன்ஸர் பைப்பை விட்டு விலகிய பெட்ரோல் லைன், வெப்பத் தகடு. அதற்கும் அடங்காவிட்டால் எலக்ட்ரிக் பம்பு. துணி டிக்கியில் இருக்கட்டும். ஆனால் அதை ஒருமுறை எடுக்க நேர்ந்தால், அடுத்த பயணம் ஒர்க் ஷாப்புக்குத்தான்.