இயக்குநர் பாடம்: வெளிவராத திரைப்பதிப்புகளும் மூலம் என்னும் கருத்தும்

1. முன்னுரை

வெளிவந்த திரைப்படம் ஒன்று இயக்குநர் கருதிய வடிவம் அன்று, உண்மை வடிவம் நிறுவனத்தாரின் கிடங்கில் உறங்குகிறது என்னும் கூற்று அமெரிக்கத் திரையுலகில் புதிதன்று. ஆயினும் சூப்பர்ஹீரோ படங்களைப் பொறுத்தவரை இக்கூற்று, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு தனிவகைப் பனுவலையே தோற்றுவித்துள்ளது. 'டைரக்டர்ஸ் கட்' என வழங்கும் இவ்வகைப் பனுவல், இழந்த மூலத்தின் மீட்பாகத் தன்னை அறிவித்துக்கொள்கிறது. அவ்வறிவிப்பு எந்த அளவு பொருந்தும் என்பதை 'சூப்பர்மேன் 2', 'ஜஸ்டிஸ் லீக்' ஆகிய இரு படங்களைக் கொண்டு ஆராய்வதும், அதன் வழி இச்சொல்லைத் தமிழில் பெயர்க்கும் முறையை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. சொல்லும் பொருளும்

'டைரக்டர்ஸ் கட்' என்னும் தொடர் ஆங்கிலத்தில் இரு பொருள்களில் வழங்குகிறது. தொழில் வழக்கில் அது ஒரு படிநிலையின் பெயர். படத்தொகுப்பாளர் காட்சிகளை முதன்முதலாகக் கோத்துத் தந்த பின்னர், இயக்குநர் தம் விருப்பப்படி அமைத்துத் தயாரிப்பாளரிடம் ஒப்படைக்கும் வடிவத்தையே அது குறிக்கும். அமெரிக்க இயக்குநர் சங்கத்தின் ஒப்பந்தம் இதற்கெனக் கால அளவும் உறுதி செய்துள்ளது. இப்பொருளில் அது ஒரு வரைவேயன்றி முடிந்த படைப்பு அன்று. சந்தை வழக்கிலோ, வெளியீட்டுக்குப் பின் வரும், இயக்குநரின் இறுதி விருப்பத்தைத் தாங்கிய வடிவம் என அது பொருள்படும்.

முன்னது வெளியீட்டுக்கு முந்தியது; பின்னது வெளியீட்டுக்குப் பிந்தியது. இவ்விரு பொருள்களும் ஒரே தொடரில் மயங்குவதால், பின்னர் ஆக்கப்பட்ட ஒன்று முன்னரே இருந்ததாகத் தோற்றம் கொள்ள வழி ஏற்படுகிறது.

மயக்கத்திற்கு இடமில்லாத நிகழ்வுகளும் உண்டு. மார்க் ஸ்டீவன் ஜான்சன் இயக்கிய 'டேர்டெவில்' 2003இல் வெளிவந்தது. படம் எடுக்கப்பட்ட காலத்திலேயே பதிவாகி, பின் நீக்கப்பட்ட ஒரு கிளைக்கதை, 2004இல் வந்த நீண்ட பதிப்பில் மீண்டும் சேர்க்கப்பட்டது. இங்கு மீட்பு என்னும் சொல் பெரிதும் பொருந்துகிறது. நாம் எடுத்துக்கொண்ட இரு படங்களும் இத்தகையன அல்ல.

3. சூப்பர்மேன் 2

ரிச்சர்ட் டானர் 'சூப்பர்மேன்' படத்தின் இரு பகுதிகளையும் 1977 முதல் ஒருங்கே படமாக்கினார். முதற்பகுதியை முடிக்கும்பொருட்டு இரண்டாம் பகுதியின் பணி இடையில் நிறுத்தப்பட்டது. 1978இல் முதற்பகுதி வெளிவந்தபின் தயாரிப்பாளர்கள் அவரை நீக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரை அமர்த்தினர். 1980இல் திரைக்கு வந்த இரண்டாம் பகுதியில் இயக்குநராகக் குறிக்கப்பட்டவர் லெஸ்டரே. சூப்பர்மேனின் தந்தையாக மார்லன் பிராண்டோ நடித்திருந்த காட்சிகள், ஊதியம் தொடர்பான பிணக்கின் காரணமாக விலக்கப்பட்டன. அவ்விடத்தைத் தாய்ப் பாத்திரம் நிரப்பியது.

மைக்கேல் தாவின் தொகுப்பில் 2006இல் டானரின் பதிப்பு குறுந்தகட்டில் வெளிவந்தது. பிராண்டோவின் காட்சிகள் மீண்டதால் கதையின் ஒரு பெரும் இடைவெளி அடைபட்டது. லெஸ்டரின் படத்தில், ஆற்றலை இழந்த சூப்பர்மேன் அதனை எவ்வாறு திரும்பப் பெற்றான் என்பது காட்டப்படுவதில்லை. டானரின் பதிப்பில் தந்தை தம்மிடம் எஞ்சிய ஆற்றலையும் மகனுக்கு ஈந்து மறைகிறார். இப்பதிப்பின் உயர்ந்த இடம் இதுவே.

ஆனால் இப்பதிப்பும் முழுமையாகக் கிடைத்த மூலம் அன்று. கிளார்க்தான் சூப்பர்மேன் என்பதை லோயிஸ் துப்பாக்கியால் சுட்டு நிறுவும் காட்சி படமாக்கப்படவே இல்லை. ஆகவே கிறிஸ்டோபர் ரீவ், மார்கட் கிட்டர் ஆகியோரைத் தேர்வு செய்யும்போது வெவ்வேறு சமயங்களில் எடுத்த ஒத்திகைக் காட்சிகள் அங்கு இணைக்கப்பட்டன. ரீவின் உடலமைப்பும் தலைமுடியும் ஒரே காட்சிக்குள் மாறுகின்றன. டானர் படமாக்காத இடங்களில் லெஸ்டரின் காட்சிகளே நிற்கின்றன. இறுதியில் காலம் பின்னோக்கிச் செலுத்தப்படுகிறது. இரண்டாம் பகுதிக்கெனக் கருதிய இம்முடிவு 1978இலேயே முதற்பகுதிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது; எனவே இரு படங்களையும் தொடர்ந்து காண்போர் ஒரே முடிவை இருமுறை காண நேர்கிறது. காலம் திரும்பிவிட்டதால் நிகழாததாகிவிட்ட ஓர் அவமதிப்புக்கு, உணவகத்தில் கிளார்க் பழிவாங்கும் காட்சியும் அப்படியே உள்ளது.

திரைப்படம் என்ற அளவில் இவை குறைகளே. பதிப்பு என்ற அளவிலோ இவற்றுக்கு வேறு மதிப்பு உண்டு. ஏடு சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்று காட்டி, தாம் இட்டு நிரப்பியதையும் புலப்பட வைக்கும் பதிப்பாசிரியரின் நேர்மை இதில் உள்ளது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைப் பார்வையாளர் கண்ணாலேயே அறிந்துகொள்ளலாம்.

4. ஜஸ்டிஸ் லீக்

குடும்பத்தில் நேர்ந்த ஒரு துயரத்துக்குப் பின் 2017 மே மாதம் ஜாக் ஸ்னைடர் இப்படத்திலிருந்து விலகினார். எஞ்சிய பணியை ஜாஸ் வீடன் ஏற்றுப் பல காட்சிகளைப் புதிதாக எழுதிப் படமாக்கினார். அவ்வாண்டு நவம்பரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படமாக அது வெளிவந்தது. வீடனுக்குத் திரைக்கதையில் பங்கு தரப்பட்டதேயன்றி, இயக்குநராகக் குறிக்கப்பட்டவர் ஸ்னைடர் மட்டுமே. 'சூப்பர்மேன் 2'இன் இரு பதிப்புகளும் இரு இயக்குநர் பெயர்களைத் தாங்கியிருக்க, இங்கோ இரு பதிப்புகளும் ஒரே பெயரைத் தாங்குகின்றன.

ரசிகர்களின் நீண்ட கோரிக்கைக்குப் பின் 2020 மே மாதம் ஸ்னைடரின் பதிப்பு அறிவிக்கப்பட்டு, 2021 மார்ச் 18 அன்று எச்.பி.ஓ. மேக்ஸ் தளத்தில் வெளிவந்தது. அதன் நீளம் 242 நிமிடம். ஸ்னைடர் விலகியபோது காட்சி விளைவுகளும் இசையும் முற்றுப்பெறவில்லை. அவை பின்னர்ப் பெரும் பொருட்செலவில் செய்து முடிக்கப்பட்டன. 2020இல் புதிய காட்சிகளும் எடுக்கப்பட்டன. ஜோக்கர் தோன்றும் பகுதி 2017இன் படப்பிடிப்பில் இல்லாதது. நான்கு மணி நேரம் என்னும் அளவும் திரையரங்க வெளியீட்டுக்கென 2017இல் ஏற்கப்பட்டிருக்கக்கூடியது அன்று. இணையவழி வெளியீடே அதனை இயல்வதாக்கியது.

கலை நோக்கில் 2021இன் பதிப்பு மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. சைபோர்க் என்னும் பாத்திரம் இதற்குச் சான்று. 2017இல் அவன் கதைக்குத் துணைநிற்கும் ஒருவன். 2021இல் அவனுக்கும் தந்தைக்கும் இடையிலான மனப்பிளவும், தந்தையின் உயிர்த்தியாகமுமே படத்தின் நடுப்பொருள். முந்தைய வடிவில் தந்தை உயிருடனிருப்பதால் அப்பொருளே அங்கு எழவில்லை. எனினும் இப்பதிப்பில் 2017க்கு முந்தையது எது, 2020இல் சேர்ந்தது எது என்பதைப் படத்திலிருந்து மட்டும் பார்வையாளர் பிரித்தறிய இயலாது. இணைப்புத் தெரியாதவாறு அமைந்ததே அதன் தொழில்நுட்ப வெற்றி. மூலம் என்னும் உரிமைக்கு அதுவே தடையாகிறது.

5. கோரிக்கையின் பொருண்மை

'ரிலீஸ் த ஸ்னைடர் கட்' என்னும் முழக்கம் மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கது. அதில் வரும் பெயர்த்தொடர் திட்டவட்டமான ஒரு பொருளைச் சுட்டுகிறது. எனவே அப்பொருள் உளது என்பது அதன் முற்கோள் ஆகும். எதிர்மறையிலும் முற்கோள் மாறாது. 'வெளியிட மாட்டோம்' என நிறுவனம் விடையிறுத்தாலும், பொருள் உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டதாகிவிடும். 'அப்படி ஒன்று இல்லை' என்றாலோ, அது மறைப்பதாகவே கொள்ளப்படும். உண்மையில் இருந்தது நிறைவுறாத ஒரு தொகுப்பு. தொழில் வழக்குப் பொருளில் இருந்த ஒன்றைச் சந்தை வழக்குப் பொருளில் மக்கள் கோரினர். கோரிக்கை நிறைவேறியபோது கிடைத்தது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று. பொருளுக்குப் பின் பெயர் தோன்றுவதே இயல்பாக, இங்குப் பெயருக்குப் பின் பொருள் தோன்றியது.

'ரிலீஸ்' என்னும் வினையும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் அது வெளியிடுதலையும் சிறையினின்று விடுவித்தலையும் ஒருங்கே உணர்த்தும். தமிழில் இவை இரு வேறு வினைகள். 'வெளியிடு' எனப் பெயர்த்தால் முழக்கத்தின் உணர்ச்சி குன்றும். 'விடுவி' எனப் பெயர்த்தால் அது உருவகமாகிவிடும். சிறைப்பட்ட படைப்பு என்னும் எண்ணத்தை அவ்வினையின் இருபொருளே பெரிதும் தாங்கி நின்றது என்பதைத் தமிழ் மொழிபெயர்ப்பு வெளிக்கொணர்கிறது.

டேவிட் அயர் இயக்கி 2016இல் வந்த 'சூசைட் ஸ்குவாட்' படத்தின் இயக்குநர் வடிவம் இன்னும் பெயரளவில்தான் உள்ளது. உரையாசிரியர் மேற்கோள்களால் மட்டும் நாம் அறியும் மறைந்த நூல்களின் நிலை அதற்கு உண்டு. அந்நூல்களைப் போலவே, அதனைக் காணாதோரின் மதிப்பீட்டில் அது ஆண்டுதோறும் வளர்கிறது.

6. தமிழில் பெயர்த்தல்

'இயக்குநரின் வெட்டு' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பொருந்தாது. ஆங்கிலத்தில் 'கட்' வெட்டும் செயலையும், வெட்டி அமைத்த உருவையும் குறிக்கும். தமிழில் 'வெட்டு' செயலையோ நீக்கப்பட்ட பகுதியையோதான் குறிக்கும். தணிக்கையில் மூன்று வெட்டு என்றால் மூன்று இடங்கள் போயின என்பதே பொருள். ஆகவே அத்தொடர் இயக்குநர் நீக்கியவை என்னும் நேர்மாறான பொருளைத் தந்துவிடும். 'இயக்குநர் பதிப்பு' வழங்கத்தக்கதே. எனினும் பதிப்பு என்பது வெளிவந்ததையே சுட்டும் ஆதலின், வெளிவராத வடிவத்துக்கு அது ஒவ்வாது.

'இயக்குநர் பாடம்' என்னும் தொடரை இக்கட்டுரை முன்மொழிகிறது. பாடம் என்பது ஒரு நூலின் பல வடிவங்களுள் ஒன்று எனப் பொருள்படுவதால், ஏனைய பாடங்களும் உள என்பதை அது உடன் உணர்த்தும். அச்சிலோ திரையிலோ வந்தாக வேண்டும் என்னும் கட்டாயமும் அதற்கில்லை. வேறுபாடு தேவைப்படுமிடத்து 'மீட்புப் பாடம்' (டேர்டெவில், 2004), 'நிரப்பிய பாடம்' (சூப்பர்மேன் 2, 2006), 'மறுவாக்கப் பாடம்' (ஜஸ்டிஸ் லீக், 2021) என ஆண்டுடன் குறிக்கலாம்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், இயக்குநர் பாடம் என்பது மூலம் அன்று, மூலம் பற்றிய ஓர் உரிமைக் கூற்று என்பது பெறப்படும். அக்கூற்றை அப்படியே ஏற்றால், லெஸ்டர், வீடன் போன்றோரின் உழைப்பு இடைச்செருகல் எனத் தள்ளப்படும். முதலில் வெளிவந்த பாடம், அன்றைய தயாரிப்பு முறைக்கும் வணிக நெருக்கடிக்கும் சான்றாவணம் என்னும் தகுதியையும் இழக்கும். முற்றிலும் மறுத்தாலோ, பிராண்டோவின் காட்சிகளையும் சைபோர்க்கின் கதையையும் நாம் இழந்திருப்போம். இப்படங்களுக்கு வசனப் பெயர்ப்போ ஆய்வோ செய்ய முற்படுவோர், தாம் கைக்கொண்ட பாடம் எது, எந்த ஆண்டினது, யார் யார் பங்கேற்றது என்பதை முதற்கண் குறித்தல் வேண்டும். சுவடிப் பதிப்பில் நாம் என்றோ ஏற்றுக்கொண்ட இந்நெறி திரைப் பனுவலுக்கும் பொருந்துவதாகும்.