முத்து அடைத்த வட்டில்

தெய்வ வேளையைக் காட்டும் கருவி ஒன்று கெட்டுப்போகிறது. நல்ல நேரம் தவறி ஓர் உயிர் வாழ்நாளெல்லாம் துன்புறுகிறது. கற்பனைக் கதைகளில் அடிக்கடி தலைகாட்டும் இக்கருவுக்கு நம் பக்கத்தில் மிகவும் பெயர்பெற்ற வடிவம் லீலாவதியின் கதை.

கணித மேதை பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'லீலாவதி'யை, அக்பரின் அவைக் கவிஞர் ஃபைஸி 1587இல் பாரசீகத்தில் பெயர்த்தார். அதன் முன்னுரையில் இக்கதை வருகிறது. மகளுக்கு மணம் வாய்க்கத்தக்க வேளை ஒன்றே உண்டெனச் சோதிடத்தாற் கண்ட தந்தை, அடியில் துளையிட்ட வட்டிலொன்றை நீரில் மிதக்க விடுகிறார். அது அமிழும் கணமே முகூர்த்தம். ஆவல் மேலிட்ட மகள் குனிந்து பார்க்கிறாள். அவள் ஆடையிலிருந்து உதிர்ந்த முத்து துளையை அடைத்துக்கொள்ள, வட்டில் அமிழவில்லை, வேளை கடந்துவிடுகிறது. அவளைத் தேற்றவே தந்தை நூலுக்கு அவள் பெயரை இட்டாராம்.

நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி ஏட்டில் வரும் இதனை வரலாறெனக் கொள்வதற்கில்லை. கதையென்றே கொள்வோம். விதியை வெல்ல முடியாது என்பதற்கு எடுத்துக்காட்டாகவே இதனைச் சொல்லி வருகிறார்கள். நாம் அதற்கு உடன்படவில்லை. கதைக்குள் விதி எங்கே இருக்கிறது? துளையில் ஒரு முத்து இருக்கிறது, அவ்வளவே. வட்டிலை எடுத்துக் கவிழ்த்தால் முத்து விழுந்துவிடும். ஒரு பெண்ணின் வாழ்வையே அத்துளையிற் கட்டித் தொங்கவிட்ட வழக்கத்தைப் பற்றி மட்டும் கதை வாய் திறப்பதில்லை. பழியெல்லாம் குனிந்து பார்த்தவள் மேல்! பாஸ்கரரின் நூலோ பெண்ணொருத்தியை விளித்துக் கணக்குக் கேட்பது. நூல் அவளை எண்ணிப் பார்க்க அழைக்கிறது. கதை அவள் எட்டிப் பார்த்ததையே குற்றமாக்குகிறது. இம்முரண்பாட்டை வகுப்பறையில் எடுத்துக் காட்டாத ஆசிரியர் கதையில் பாதியையே சொன்னவராவார்.

இவ்வட்டில் நமது நாட்டுக்கும் புதியதன்று. 1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, 1679இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கண்டி அரசனின் செப்பு வட்டிலைக் குறிக்கிறார். பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது என அங்கே பொழுது பகுக்கப்பட்டது. நமது நாழிகைக் கணக்கும் அதுவே. அரசனைத் தவிர அதனைக் கையாண்டோர் மிகச் சிலர். நல்ல வேளையில் விதைக்க வேண்டியபோது மட்டும் குடிமக்களும் அதனை நாடினர் என்கிறார்.

விதைக்கும் வேளை என்றதும் அட்டாளைச்சேனை மாணவன் நிமிர்ந்து உட்காருவான். அவன் ஊர் வட்டைகளில் சிறுபோகத்து விதைப்பு நாளைக் கோள்களா குறித்துக் கொடுக்கின்றன? சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பேசி முடிக்கிறார்கள். போடியாரின் குரல் ஓங்குகிறதா, கடைமடைக் காணிக்காரனின் குரலும் கேட்கிறதா என்ற வழக்கு அங்கே எழலாம். ஆனால் அது மனிதர் பேசித் தீர்க்கக்கூடிய வழக்கு. லீலாவதிக்கு அப்படியொரு கூட்டம் வாய்க்கவில்லை.

முல்லைப்பாட்டில் நப்பூதனார் பாசறை இரவைக் காட்டுமிடத்தில் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். மன்னனை வாழ்த்திய பின்னரே வட்டில் நீரால் அறிந்த பொழுதை உரைக்கின்றனர். அவர்களைப் பொய்யாதவர் எனப் புலவர் சிறப்பிப்பது நமக்கு உவப்பானதே. அவர்களுடைய உறக்கத்தை மட்டும் அவர் கேட்கவில்லை. கண்டியிலும் வட்டிலை இடைவிடாது பார்த்திருக்க ஓர் ஆளை அரசன் வைத்திருந்தான் என்று நொக்ஸ் எழுதுகிறார். அமிழ்ந்ததை எடுத்து, நீரைக் கொட்டி, மீண்டும் மிதக்கவிட வேண்டும். அறுபது முறை செய்தால் ஒரு நாள்.

லீலாவதியின் கதையில் அந்த ஆளையும் காணோம். முத்து விழுந்ததைக் கண்டு சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.