பச்சை ஏறிய முகமும் வெளுத்துப்போன பாலும்

மலேசியாவின் கோலா கெத்தில் வட்டாரத்துத் தோட்டங்களில் எடுத்த காணொளி எதுவானாலும், அது குறும்படமோ கல்யாண வீடியோவோ, நான் முதலில் பார்ப்பது முகம்; அடுத்தது வெள்ளை. பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் காட்டில், வெயில் இலைகளுக்குள் புகுந்து இறங்கும்போது எல்லாவற்றின் மேலும் பச்சை படிந்துவிடுகிறது. நம் கண் அதைத் தானாகவே கழித்துக்கொள்ளும். கேமரா பெரும்பாலும் அப்படியே பதிவுசெய்துவிடும். பாலுக்காக மரம் வெட்டுகிறவரின் கன்னம் காய்ச்சல்காரர் கன்னம்போல் தெரியும். இதைச் சரிசெய்வது எடிட்டரின் வேலை. எந்தத் திருத்தத்தை முன்னால் செய்தார், எதைப் பின்னால் வைத்தார் என்பதற்கான தடயம் திரையிலேயே கிடக்கும்.

மங்கில், அதாவது மரத்துப் பால் வடியும் கிண்ணத்தில், தேங்கிய பாலையே எடுத்துக்கொள்வோம். 8 பிட் காணொளியில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். வெயில் பட்ட நடுப்பால் 250, மங்கின் ஓர நிழலில் உள்ள பால் 235 என்று வையுங்கள். எடிட்டர் முதலில் நடுப்புள்ளி 128-ஐ மையமாக வைத்து கான்ட்ராஸ்டை 1.3 மடங்கு ஏற்றுகிறார். இரண்டுமே 255-ஐத் தாண்டி, அங்கேயே வெட்டுப்படுகின்றன. பிறகு வெளிச்சத்தை 40 குறைத்தால் இரண்டும் 215. பாலின் குழிவும் மினுக்கும் போய், காகிதம் ஒட்டியதுபோல் ஒரு தட்டை வெள்ளை மிஞ்சும். வரிசையை மாற்றி, முதலில் 40 குறைத்துப் பிறகு கான்ட்ராஸ்டை ஏற்றினால் 235 ஆகவும் 215 ஆகவும் நிற்கும். அதே இரண்டு எஃபெக்ட், அதே அளவு. ஒன்றில் பால் உயிரோடு இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

இன்றைய மென்பொருள்கள் 32 பிட் மிதவைக் கணக்கில் ஓடும்போது எல்லை தாண்டிய எண்களையும் பத்திரமாக வைத்திருக்கும். ஆனால் இடையில் ஒரு பழைய 8 பிட் எஃபெக்டோ, ‘லட்’ எனப்படும் ஆயத்த வண்ண அட்டவணையோ குறுக்கிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் அங்கேயே போய்விடும். பிரீமியரில் எஃபெக்டுகள் பட்டியலின் மேலிருந்து கீழாக ஓடும். டாவின்சி ரிசால்வில் ‘நோட்’ எனப்படும் கண்ணிகள் இடமிருந்து வலமாக. மேலே வைத்தது கெடுத்ததைக் கீழே வைத்தது மீட்பது அரிது.

இரவுத் திருவிழாக் காட்சியில் பார்க்க வேண்டியது வேறு. மாரியம்மன் கோயில் பந்தலில் டியூப்லைட்டின் பச்சை, விளக்கின் மஞ்சள், பின்னால் கறுத்த வானம். அந்த வானத்தில் புள்ளிகள் எறும்புபோல் ஊர்ந்தால், அந்தப் புள்ளி இரைச்சலை நீக்கும் முன்பே வெளிச்சத்தையும் கூர்மையையும் ஏற்றியிருப்பார்கள் என்று சந்தேகிக்கலாம். கூர்மை ஏறிய பிறகு புள்ளி எது, இமைமுடி எது என்று கருவிக்குப் பிரிக்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து மழித்து முகத்தை மெழுகாக்கிவிடும். அதனால்தான் இரைச்சல் நீக்கம் பெரும்பாலும் முதல் இடத்தில். அதற்குப் பின் வெளிச்சம், வெள்ளைச் சமநிலை. அவை நிலைத்த பிறகே சருமத்தை மட்டும் தனியே தேர்ந்து தொட வேண்டும். சருமத்தை முதலில் தேர்ந்துவிட்டு, அதற்கு முன்னால் போய் வெள்ளையை மாற்றினால் தேர்வே குலைந்து காதோரமும் கழுத்தும் விட்டுப்போகும்.

முகத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெக்டர்ஸ்கோப் என்ற அளவுகோலில் எந்த இனத்தவரின் சருமமும் ஏறக்குறைய ஒரே கோட்டின் அருகில்தான் விழும்; மாறுவது முக்கியமாக வெளிச்சத்தின் அளவும் நிறச்செறிவும். பச்சையை நீக்கி முகத்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவருவது திருத்தம். கறுத்த மணமகளை வெளுக்க வைப்பது அவள் முகத்தையே அழிப்பது. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) போன்ற நம் படங்களை மறுபடி பார்க்கும்போது, முகத்தின் வெளிச்சப் பக்கத்தை விட்டு நிழல் பக்கத்தைக் கவனியுங்கள்: அங்கே சருமத்தின் சொந்த நிறம் நிற்கிறதா?

படத்தின் மொத்த நிறத்தோரணை இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது. 2000-இல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் மிசிசிப்பியின் கோடைப் பச்சையைக் கணினியில் காய்ந்த மஞ்சளாக மாற்றினார். கதை கேட்ட மாற்றம் அது. நம் பக்கமோ, ஆரஞ்சு தூக்கிய ஒரு லட்டை முதல் வேலையாகப் போட்டுவிடுகிறார்கள். செம்மண்ணும், லயத்துச் சுவரும், மனிதர் முகமும் ஒரே நிறமாகிப் போகின்றன. செம்பனையின் அடர்பச்சையும் பால்மரத்தின் இளம்பச்சையும் வேறுவேறாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும்போது வரும் செம்மஞ்சள் இன்னும் நல்ல சோதனை. கெத்தில் ஆறு மூடா ஆற்றில் கலக்கும் இடத்தில் காலைப் பனிமூட்டத்தைப் படமெடுத்தால் அதில் முழுக் கறுப்பே இருக்காது. அங்கே கரிக்கறுப்பு தெரிந்தால், யாரோ காட்சியைப் பார்க்காமல் கான்ட்ராஸ்டைத் திருகியிருக்கிறார்கள்.

கூர்மையேற்றல் கடைசியில், படத்தை இறுதி அளவுக்குச் சுருக்கிய பிறகு. கூர்மை அளவோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செம்பனை ஓலையின் நுனி போதும்: வானத்துக்கு எதிரே அதன் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் கூர்மை மிஞ்சியிருக்கிறது. கைபேசியில் அது தெரியாமல் போகலாம், பெரிய திரையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.