அசையாத பாவையும் நடுங்கும் உடலும்

கொல்லிமலை என்றதும் கொல்லிப்பாவையைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். நற்றிணை 201ஆம் பாட்டில் பரணர் காட்டும் பாவை, காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் உருக்குலையாதது. தன்னைக் கடிந்துகொள்ளும் நண்பனிடம், காதலியை மறக்க முடியாத தலைவன் சொல்லும் உவமை அது. அந்தப் பார்வையில் பெண்ணின் உடலுக்கு நோவும் இல்லை, நடுக்கமும் இல்லை.

இதை அழகியலாக மட்டும் வாசித்துவிட்டு நகர முடியவில்லை. வலிப்பு நோயுள்ள இருபது வயது மகளுக்கு வரன் தேடும் தாயிடம் ஊர் கேட்பதும் அசையாத பாவையைத்தான். சட்டமும் அதையே கேட்டது. 1976இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக எழுதியது. 1999இல்தான் வலிப்பு என்ற சொல் நீக்கப்பட்டது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினரை அச்சட்டம் நேராகக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னிருந்த அச்சம் மலையிலும் சமவெளியிலும் ஒன்றுதான்.

அச்சத்தின் விலையை மகளின் உடல் கொடுக்கிறது. நிச்சயம் ஆனதும் மாத்திரை மறைக்கப்படுகிறது. மறைக்க முடியாதபோது நிறுத்தப்படுகிறது. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிரே போகலாம். வால்ப்ரோயேட் உட்கொள்ளும் பெண் கருவுற்றால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு நேரும் ஆபத்து அதிகம். மருந்தை மாற்றுவது பற்றி முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். ரகசியம் காக்கும் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மாத்திரை தவறினால் பழி தாய்க்கு. பூசாரியிடம் போனால் அவளுக்கு அறியாமைப் பட்டம். பூசாரி பக்கத்திலேயே இருக்கிறார்; நரம்பியல் மருத்துவரைப் பார்க்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும், அன்றைய கூலியையும் இழக்க வேண்டும். இதைக் கணக்கில் கொள்ளாத விமர்சனம் தாயின் மீது இன்னொரு சுமை.

சரியான மருந்து கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்ந்த மகளுக்குத் துணைநிற்பது என்பது அவளுக்காக மறைப்பதல்ல. மருந்தின் பெயர், அளவு, வலிப்பு வந்த தேதி எல்லாம் அம்மாவின் நினைவிலிருந்து மகளின் கைக்கு வர வேண்டும். யாரிடம், எப்போது சொல்வது என்பது அவள் முடிவு. சொன்னபின் வரும் மறுப்பை அப்பாவும் அண்ணனும் சேர்ந்து தாங்க வேண்டும். சாவிக்கொத்தைத் தேடாமல் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், வாயில் எதையும் திணிக்காமல் இருக்கவும், 5 நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்கவும் அவர்களும் கற்க வேண்டும்.

பாவையைப் பாடிய கவிதையைத் தொடர்ந்து படிப்போம். அதை வைத்து மகளை அளக்க வேண்டாம்.