‘குளுட்டன் இல்லை’ என்னும் விலைப்பட்டியல்

சென்னை நகரத்து உணவு விடுதிகள் சிலவற்றில் விலைப்பட்டியலைப் புரட்டினால், சில பண்டங்களின் பெயருக்கருகே ‘குளுட்டன் இல்லை’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். கம்பு தோசை, சாமைப் பொங்கல் போன்றவற்றுக்கே பெரும்பாலும் இந்தச் சிறப்பு. உடல் இளைக்க விரும்புவோரும் புதுமை நாடுவோரும் அதைப் பார்த்து வாங்குகிறார்கள். அச்சொல் மெய்யல்ல என்றாலும் அவர்களுக்குக் கெடுவது ஒன்றுமில்லை. ஆனால் அதை நம்பியே உண்ண வேண்டியவர்களும் இந்நகரில் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் அந்தப் பட்டியலைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலசிக்கொண்டே இருந்தால், மாச்சத்து வெண்மையாகக் கரைந்து போய், இழுத்தால் நீளும் பசை ஒன்று கையில் தங்கும். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான பெக்காரி இவ்வாறு பிரித்துக் காட்டிய பொருளே குளுட்டன் என்னும் புரதம். பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவது இதனால்தான். பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதன் இனப் புரதங்கள் உண்டு. சீலியாக் நோய் உடையவர்களிடம், இப்புரதத்தின் செரிக்காத துண்டுகள் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகின்றன. அது சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. இரத்தசோகை, எலும்பு நலிவு, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு எனத் தொல்லைகள் தொடர்கின்றன. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் எடுத்துக் காட்டினார். அன்று அவர் கூறிய வழிதான் இன்றும் வழி: வாழ்நாள் முழுதும் குளுட்டனை விலக்குவது.

‘அரிசி உண்ணும் நமக்கு ஏன் இந்தக் கவலை?’ என்று கேட்பவர் உண்டு. 2016-இல் வெளியான ஆய்வொன்று, இந்நோயைச் சுட்டும் எதிர்ப்புப் பொருள்கள் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தென்னிந்தியாவில் நூற்றுக்கு 0.10 பேரிடமும் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆயிரத்துக்கு ஒருவர் என்பது சிறிய எண்தான். அறுபது லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரில் அது ஆறாயிரத்தைத் தாண்டும். தவிரவும், வடக்கிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வருவோரை நம் விடுதிகள்தானே உண்பிக்கின்றன?

எங்கள் கல்லூரியில் இந்நோய் உறுதி செய்யப்பட்ட மாணவி ஒருத்தி படிக்கிறாள். கல்விச் சுற்றுலா என்றால் மற்றவர்கள் விடுதியில் அமர்ந்து உண்பார்கள். அவள் வாழைப்பழமும் வேர்க்கடலையுமாகப் பொழுதைப் போக்குவாள். அவள் பொருட்டே விடுதிகள் சிலவற்றில் விசாரிக்கத் தொடங்கினேன். இட்லியும் தோசையும் மலிந்த ஊரில் இது எளிதாக முடியும் என்றே எவரும் எண்ணுவர்.

முதலில் அளவைப் பார்ப்போம். குளுட்டன் அற்றது என்று விற்கப்படும் உணவில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருத்தலாகாது என்பது இந்திய விதி. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், நாள்தோறும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்ட நோயாளிகளின் குடலுறிஞ்சிகள் சிதைவுற்றன. ஆகவே நாளொன்றுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாதிருப்பது நலம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு குளுட்டன். அப்படியானால் ஒரு கிராம் மாவில் 80 மில்லிகிராம். நாள் முழுவதற்குமான எல்லை, ஒரு கிராம் மாவில் எட்டில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது! ஒரு சிட்டிகை உப்புகூட இதைவிட அதிகம்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் நுழைவோம். தோசைக்கல்லில் ரவா தோசை வார்க்கிறார்கள். அந்த மாவில் ரவையும் மைதாவும் உண்டு. எடுத்தபின் நீர் தெளித்து, ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளி, அதே கல்லில் கம்பு தோசை வார்க்கிறார்கள். துடைப்பம் ஒன்றே, தோசைத் திருப்பியும் ஒன்றே. பூரி பொரித்த எண்ணெயில்தான் உளுந்து வடையும் வேகிறது. ‘அவ்வளவு சூட்டில் எதுதான் சார் மிஞ்சும்?’ என்று ஒரு விடுதியின் மேலாளர் என்னைக் கேட்டார். கிருமியாக இருந்தால் அவர் சொல்வது சரி. குளுட்டன் கிருமியன்று. சூட்டில் புரதத்தின் மடிப்பு குலையலாம். நோயைத் தூண்டும் துண்டுகள் சமையற்கட்டின் வெப்பத்தில் அழிந்துபோவதில்லை.

தோசைக்கல்லை விலக்கி இட்லிக்குப் போனாலும் பக்கத்தில் சாம்பார் இருக்கிறது. சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறது. அயல்நாடுகளிலிருந்து வரும் தூய பெருங்காயப் பிசின் மிகக் காரமானது. ஆகையால் வேறு பிசினும் மாவும் கலந்தே கடைக்கு அனுப்புகிறார்கள். சில கம்பெனிகள் அரிசி மாவைச் சேர்க்கின்றன. பல கம்பெனிகள் கோதுமை மாவையோ மைதாவையோ சேர்க்கின்றன. ஐந்து பேருக்கான ஒரு லிட்டர் சாம்பாரில் 1 கிராம் பெருங்காயம் இடுவதாகவும், அதில் பாதி கோதுமை மாவு என்றும் வைத்துக்கொள்வோம். அரை கிராம் மாவில் 40 மில்லிகிராம் குளுட்டன். தலைக்கு 8 மில்லிகிராம். லிட்டருக்கு 40 என்னும்போது விதியின் எல்லையைப் போல அது இரு மடங்கு. இட்லியை சாம்பாரில் மிதக்கவிட்டு, இரண்டாம் கரண்டியும் கேட்பவர் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம். ரசம், தயிர்சாதத் தாளிப்பு, ஊறுகாய் எல்லாவற்றிலும் இதே டப்பாதான்.

கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்றால் மொழி வேறு இடறுகிறது. ‘இதில் கோதுமை உண்டா?’ என்று கேட்டேன். ‘கோதுமையே கிடையாது சார், ரவைதான்’ என்றார் சர்வர். அவர் பொய் சொல்லவில்லை. நம் பேச்சில் கோதுமை என்றால் சப்பாத்தி மாவு. மைதா வேறு சரக்கு, ரவை வேறு, சேமியா வேறு. ஒரே தானியத்துக்கு நான்கு பெயர் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் சொல்லிக் கேட்டால், வரும் விடை நேர்மையாகவும் இருக்கும், ஆபத்தாகவும் இருக்கும். நான்கையும் தனித்தனியே சொல்லிக் கேட்பதே முறை. ‘குளுட்டன்’ என்று கேட்பதால் பயனில்லை. அது என்னவோ மசாலா என்று எண்ணியவரையும் சந்தித்தேன்.

சட்டம் உதவாதா? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்தும் அதற்கு மேலும் கிளைகள் கொண்ட விடுதிகள், ஒவ்வாமை தரும் பொருள்கள் பற்றிய விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். குளுட்டன் தானியங்களும் அதில் அடங்கும். தெருமுனைச் சிற்றுண்டிச் சாலைக்கு இது பொருந்தாது. பொருந்தும் இடத்திலும், மாவில் என்ன சேர்த்தார்கள் என்பதுதான் தெரிய வரும். எந்தக் கல்லில் வார்த்தார்கள் என்பது வராது. பட்டியலில் நான் காணும் குறை இதுவே. 20 மில்லிகிராம் என்பது ஆய்வுக்கூடத்தில் அளந்து சொல்ல வேண்டிய எண். ஒரு முறையும் அளக்காமல், பொருள்களின் பெயரைப் பார்த்து முடிவு கட்டி, அளந்ததற்குரிய சொல்லை அச்சிடுகிறார்கள். இயற்பியல் செய்முறைத் தேர்வில் மாணவன் இப்படிச் செய்தால் மதிப்பெண் கிடைக்காது. பத்திரிகைகளில் வரும் ‘குளுட்டன் இல்லா விடுதிகள்’ என்ற தொகுப்புகளும் பட்டியலைப் பார்த்து எழுதியவையே. சமையற்கட்டைப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. இத்தாலியில் சீலியாக் நோயாளர் சங்கமே விடுதிகளுக்குப் பயிற்சி அளித்து, அவ்வாறு பயின்றவற்றைத் தன் தொகுப்பில் சேர்க்கிறது.

‘குளுட்டன் இல்லை’ என்ற இரு சொற்களைவிட, ‘தனிக் கல், தனி எண்ணெய், அரிசி மாவுப் பெருங்காயம்’ என்று உண்மையை மட்டும் எழுதிவைத்தால் எனக்கு நிறைவு. முதலிரண்டுக்கும் இடமும் செலவும் வேண்டும். சிறிய விடுதியை வற்புறுத்த முடியாது. மூன்றாவதற்கு டப்பாவை மாற்றினால் போதும். அதுவரை இங்கே ஓரளவு நம்பத்தக்கவை, ரவா இட்லி வேகாத தட்டில் வெந்த இட்லி, தனி அரிசி மாவு இடியாப்பம், தாளிக்காத தேங்காய்ச் சட்னி, தயிர், வேகவைத்த முட்டை. இவற்றுக்கும் கேள்வி கேட்டே ஆக வேண்டும். பெருங்காய டப்பாவைக் காட்டும்படி கேட்டபோது சரக்கு மாஸ்டர்கள் எவரும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் அதைத் திருப்பி, பொடி எழுத்துகளைக் கண்ணருகே வைத்துப் படித்துவிட்டு, ‘இதில் மைதா போட்டிருக்கிறதே!’ என்று அவரே வியந்தார்.