கையடக்கத் தொலைபேசியின் அதிர்வும் கைவலுவும் – ஒரு விமர்சன நோக்கு

கையடக்கத் தொலைபேசியின் அதிர்வினால் தளர்ந்த கைக்கு வலுவூட்டலாம், மரத்த விரலுக்கு உணர்வை மீட்கலாம் எனக் கூறுவோர் உளர். இக்கூற்று முற்றிலும் அடிப்படையற்றதன்று. அதனாலேயே அது கூர்ந்து நோக்கப்படல் வேண்டும்.

1966இல் சுவீடனைச் சேர்ந்த ஹக்பார்த், எக்லண்ட் ஆகிய இருவரும், தசைமீதோ அதன் நாண்மீதோ செக்கனுக்கு 100 தடவையளவில் அதிர்வைச் செலுத்தும்போது அத்தசை மனிதரின் விருப்பின்றியே மெல்லச் சுருங்குவதை எடுத்துக்காட்டினர். அதிர்வு வலுத்தரும் என்போர்க்கு இதனினும் வாய்ப்பான சான்று கிடைத்தலரிது. ஆயின் இது தெறிவினையேயன்றி வலுவன்று. அதிர்வு ஓயச் சுருக்கமும் ஓயும். 1972இல் குட்வின், மக்குளோஸ்கி, மத்தியூஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனினும் சிந்தனைக்குரியது. இருதலைத்தசையின் நாணை அதிரச் செய்தபோது, கண்கட்டப்பட்டோர் தம் முழங்கை உள்ளபடியினும் கூடுதலாக நீண்டிருப்பதாக உணர்ந்தனர். அதிர்வுக்குட்பட்ட கை தன்னைப் பற்றித் தானே பொய்யுரைக்கின்றது. அத்தகைய கையுடையார் ‘வலுக்கூடியதுபோல் இருக்கின்றது’ எனக் கூறுவதை எங்ஙனம் சான்றாகக் கொள்வது?

உணர்வு பற்றிய கூற்றும் இத்தகையதே. உணரப்படாத அளவினதான ஒழுங்கற்ற மெல்லதிர்வு விரல்நுனியின் தொடுகையறிவைக் கூர்மையாக்குமென 1996இல் கொலின்ஸ் குழுவினர் காட்டினர். தொலைபேசியின் அதிர்வோ சட்டைப்பையினுள்ளும் உணரப்பட வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

அதிர்வின் மறுபக்கத்தை இவர்கள் பேசுவதேயில்லை. 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பெட்போர்டில், காற்றழுத்தச் சம்மட்டிகொண்டு சுண்ணக்கல் செதுக்கிய தொழிலாளரை அலிஸ் ஹமில்ரன் ஆராய்ந்தார். குளிர்காலையில் அவர்தம் விரல்கள் வெளிறி மரத்தன. உளியைப் பற்றிய இடக்கையே பெரிதும் தாக்குற்றது. தொலைபேசியை அச்சம்மட்டியோடு ஒப்பிடல் மிகையாகும். எனினும் அதிர்வெண், வீச்சு, நேரம், படும் இடம் என்பவற்றுள் ஒன்றையேனும் குறிப்பிடாது ‘அதிர்வு நன்று’ என்பது ஆய்வாகாது.

பாரிசவாதத்தால் கைவழங்காதார் ஒருவர் இதனை நம்பிப் பயிற்சிச் சிகிச்சையைக் கைவிடுவாராயின் இழப்பு அவருடையதே. பிடிவலுவைக் கருவிகொண்டு அளந்து, அதிர்வு நின்று நெடுநேரம் கழிந்த பின்னரும் அளந்து, அளப்பவர் எக்கை அதிர்வு பெற்றதென அறியாதவாறு சோதித்தல் அரியதொன்றன்று. விரலோடு விரல்கோத்து இழுத்துப் பார்த்து, ‘இப்பொழுது இறுகிவிட்டது’ என மகிழும் சோதனையில் இழுப்பவரின் விருப்பமே பெரும்பாலும் அளக்கப்படுகின்றது.